மீன்கடைத் திருக்கையிலிருந்து ஆழ்கடல் ஸ்கேட் வரை: வம்சாவளியைப் படிப்படியாக வரைவது எப்படி

போன வருடம் வெள்ளவத்தையில் ஒரு மீன்கடையில் வறைக்கென்று குட்டிச் சுறா ஒன்று வாங்கினேன். இரண்டடி நீளம், கூரிய மூக்கு, முதுகில் இரண்டு துடுப்பு, தடித்த வால். வீட்டில் கழுவும்போதுதான் புரட்டினேன். வாய்க்குப் பின்னால், வயிற்றுப் பக்கத்தில், ஐந்து ஐந்தாக இரண்டு வரிசைக் கீறல்கள். சுறாவென்றால் அவை கழுத்தின் பக்கவாட்டில் இருந்திருக்க வேண்டும். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற நான், திருக்கையின் சொந்தக்காரனைச் சுறா விலைக்கு வாங்கி வந்திருக்கிறேன்!

அடுத்த ஞாயிறு கடைக்காரரிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. "சுறாதான் மிஸ். வாலைப் பாருங்க" என்றார்.

அவர் வாலைப் பார்க்கிறார், நான் வயிற்றைப் பார்க்கிறேன். எந்த அடையாளத்தை நம்புவது என்ற இந்தச் சண்டைதான் திருக்கைகளின் பாகுபாட்டில் சுமார் 260 வருடமாக நடந்து வருகிறது. அந்தச் சண்டையில் அதிகம் அடிபட்ட கூட்டம் ஸ்கேட் (skate) என்ற திருக்கை வகை. கொழும்பு மீன்கடையில் ஒரு திருக்கையைக் கையில் எடுத்து, ஸ்கேட் அதன் குடும்ப மரத்தில் எங்கே உட்காருகிறது என்று நீங்களே வரைந்து பார்க்கத்தான் இந்த வழிகாட்டி.

தொடங்குமுன், சொற்கள்

தமிழில் தட்டையான இந்த மீன்கள் எல்லாமே திருக்கைதான். சிங்களத்தில் மடுவா. ஸ்கேட்டுக்கென்று தனியாக ஒரு பெயர் நம் கடைகளில் புழங்குவதில்லை, ஏனென்றால் அது நம் கடைகளுக்கு வருவதே அபூர்வம். அதனால் ஸ்கேட் என்றே எழுதுகிறேன். சக்கரச் சப்பாத்து நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

நம் பாடப்புத்தகச் சொற்களையே வைத்துக்கொள்வோம்: வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். (வருணமும் சாதியும் இங்கே வெறும் பெட்டிகளின் பெயர். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஒருவராவது சிரிப்பார்.) பரிணாமம் என்று தமிழ்நாட்டில் சொல்வதை நாம் கூர்ப்பு என்கிறோம். குருத்தெலும்பை நம் புத்தகம் கசியிழையம் என்கிறது, செவுளைப் பூ என்கிறது. மீன் வாங்கும்போது அம்மா பூவைத் தூக்கிப் பார்ப்பாரே, அதே பூ.

சுறா, திருக்கை இரண்டும் கசியிழைய மீன்கள். உடலில் எலும்பே கிடையாது. இரண்டும் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்துக் கடல் உப்பைச் சமாளிக்கின்றன. செத்த பிறகு பற்றீரியா அந்த யூரியாவை அமோனியாவாக்கும். பழைய திருக்கையில் அடிக்கிற அந்த மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான்.

படி 1: புரட்டுங்கள்

பூப் பிளவுகள் அடிப்பக்கத்தில் இருந்தால் அது திருக்கைக் கூட்டம், பக்கவாட்டில் இருந்தால் சுறா. முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும். வேறு எதைக் கொண்டு தொடங்கினாலும் வழி தவறும்.

இந்த விதிக்கு இன்னும் இரண்டு துணை உண்டு. திருக்கையின் மார்புத் துடுப்புகள் முன்னோக்கி வளர்ந்து தலையோடு ஒட்டியிருக்கும். இறகு போலத் தெரிவது உண்மையில் மார்புத் துடுப்புத்தான். அப்புறம், மலவாய்க்குப் பின்னால் பல சுறாக்களுக்கு இருக்கும் அடித் துடுப்பு திருக்கைக்கு இல்லை.

கண்ணுக்குப் பின்னால் மேல்பக்கமாக ஓர் ஓட்டை தெரியும். மணலில் படுத்திருக்கும்போது வாயால் தண்ணீர் எடுத்தால் மண்ணும் சேர்ந்து வரும். அதனால் பல திருக்கைகள் மேலே உள்ள அந்த ஓட்டையால் தண்ணீரை இழுத்து, அடியில் உள்ள பூப் பிளவுகளால் வெளியே விடுகின்றன.

ஏமாற்றுக்காரர்கள் இரண்டு பக்கமும் உண்டு. தேவதைச் சுறா என்று ஒன்று, பார்த்தால் தட்டை. ஆனால் அதன் மார்புத் துடுப்பு தலையோடு ஒட்டாது, அது சுறா. நான் வாங்கி வந்ததோ சுறா வேடம் போட்ட திருக்கை. தமிழ்நாட்டுக் கரையில் இந்த வகையை உழுவை என்பார்கள், ஆங்கிலத்தில் கிட்டார் மீன்.

வேளா மீனின் கதை இன்னும் சுவையானது. நீண்ட மூக்கின் இரு ஓரமும் பல் வரிசை, மரம் அறுக்கிற வாள் போல. வாள்சுறாவென்ற வேறொரு மீனுக்கும் அதே ஆயுதம். ஆனால் வேளாவுக்குப் பிளவுகள் அடியில், வாள்சுறாவுக்குப் பக்கவாட்டில். வேளா திருக்கை, மற்றது சுறா. வாள் தனித்தனியாக இரண்டு முறை தோன்றியிருக்கிறது. மூன்றாவது ஒன்றும் உண்டு: டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெத்தேசியக் காலத்தில் வாழ்ந்து அழிந்த ஸ்கிளிரோரின்கிட் என்ற வாள்மூக்குத் திருக்கைகள். அண்மைய சில ஆய்வுகள் அவற்றை வேளாவுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை, ஸ்கேட்டுக்குப் பக்கத்தில் வைக்கின்றன.

1758இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் திருக்கைகளை ராஜா என்ற ஒரே சாதியில் போட்டார். (நம் ராசா இல்லை. திருக்கைக்கான இலத்தீன் சொல் அது.) பிளவுகள் அடியில் இருந்தால் ராஜா, கழுத்துப் பக்கத்தில் இருந்தால் ஸ்குவாலஸ் என்ற சுறாச் சாதி என்று விதியும் எழுதிவைத்தார். எழுதிவிட்டு, வேளா மீனை ஸ்குவாலஸில் போட்டுவிட்டார். என் கடைக்காரருக்கு நல்ல துணை இருக்கிறது.

படி 2: வாலைப் பாருங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள்

திருக்கைதான் என்று முடிவானபின் வால் நிறையச் சொல்லும். இன்று திருக்கைகளை நான்கு வருணங்களாகப் பிரிக்கிறார்கள். 600க்கு மேற்பட்ட இனங்கள் இந்த நான்குக்குள் அடங்குகின்றன.

சாட்டை போல நீண்ட வால், அதில் அரம்போன்ற விளிம்புள்ள முள்: மைலியோபட்டிஃபோமிஸ், முள்வால் திருக்கைகள். நம் கடைத் திருக்கைகளில் பெரும்பாலானவை இவைதான். யாழ்ப்பாணத்து அப்பாமார் திருக்கைவாலை வீட்டில் வைத்திருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்த முள் எலும்பில்லை, மாறி வளர்ந்த தோற்செதில், மேலே நச்சுத் திசு. ஆனைத் திருக்கை, கொம்புத் திருக்கை எனப்படும் பெரியவையும் இந்த வருணந்தான், அவற்றில் பலவற்றுக்கு முள்ளே கிடையாது.

தடித்த, சுறா போன்ற வால்: ரைனோபிரிஸ்டிஃபோமிஸ். உழுவை வகைகளும் வேளாவும் இங்கே. வேளா இன்று நம் கடலில் வயதான மீனவர்களின் நினைவில்தான் அதிகம் நீந்துகிறது.

குட்டையான சதைப்பற்றான வால், செதிலே இல்லாத வழுவழுப்பான வட்ட உடல்: டோர்பெடினிஃபோமிஸ், மின்திருக்கைகள். தலையின் இருபுறமும் சிறுநீரக வடிவில் மின்னுறுப்பு. பெரிய இனங்கள் 200 வோல்ட் அளவுக்கு அடிக்கும்.

மெல்லிய வால், முதுகின் நடுக்கோட்டில் முட்கள் வரிசை, வால் நுனிக்குக் கிட்ட இரண்டு சின்னத் துடுப்பு, நச்சு முள் கிடையாது: ராஜிஃபோமிஸ். இதுதான் ஸ்கேட். ஸ்கேட்டின் வாலிலும் மின்னுறுப்பு இருக்கிறது, ஆனால் மிகப் பலவீனமானது. மின்திருக்கைக்கு அது பூப்பகுதித் தசையிலிருந்து வந்தது, ஸ்கேட்டுக்கு வால் தசையிலிருந்து. ஒரே வேலை, வேறு மூலம். "இரண்டுக்கும் மின்சாரம் இருக்கிறது, ஆகவே உறவு" என்று எழுதுகிற பிள்ளைக்கு நான் புள்ளி குறைப்பேன்.

இந்தப் படி கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் அடிக்கடி உடைந்துபோகும். குத்திவிடும் என்பதால் படகிலேயே முள்ளையோ வாலையோ வெட்டிவிடுகிறார்கள். முள் இல்லாத திருக்கையெல்லாம் ஸ்கேட் என்று நினைத்தால் ஒரு காலையில் நூறு ஸ்கேட் கண்டுபிடிக்கலாம்.

படி 3: இடுப்புத் துடுப்பு

வால் போனாலும் இது இருக்கும். உடல் வட்டும் வாலும் சேருமிடத்தில் இருபக்கமும் இடுப்புத் துடுப்புகள். முள்வால் திருக்கைக்கு ஒவ்வொன்றும் ஒரே மடல், வழவழவென்று. ஸ்கேட்டுக்கு நடுவில் ஆழமான வெட்டு விழுந்து இரண்டு மடலாக இருக்கும். முன்மடல் ஒரு சின்னக் கால் மாதிரி.

உவமைக்காகக் காலென்று சொல்லவில்லை. ஸ்கேட் கடலடியில் அந்த மடல்களை மாற்றி மாற்றி ஊன்றி நடக்கிறது. வட அத்திலாந்திக்கின் சின்ன ஸ்கேட் என்ற இனத்தை வைத்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்த நடையை இயக்கும் நரம்புக்கலங்களையும் அவற்றின் மரபணுக் கட்டுப்பாட்டையும் எலியின் கால் நரம்புகளோடு ஒப்பிட்டது. அடிப்படைத் திட்டம் ஒன்றேயாக இருந்தது. நடப்பதற்கான நரம்பு வேலை, முதுகெலும்பிகள் கரையேறுவதற்கு வெகுகாலம் முன்பே கடலுக்குள் தயாராகியிருக்கிறது.

அதே இடுப்புத் துடுப்பருகே குச்சி போல இரண்டு உறுப்பு நீட்டிக்கொண்டிருந்தால் அது ஆண். எல்லாக் கசியிழைய மீன்களிலும் ஆணுக்கு இது உண்டு. ஸ்கேட்களில் இந்தக் குச்சியின் உள்கசியிழைய அமைப்பு சாதிக்குச் சாதி வேறுபடுவதால் நிபுணர்கள் இதை வெட்டிப் பார்த்தே பல சாதிகளைப் பிரித்தார்கள். வெளியிலிருந்து ஸ்கேட்கள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதால் வேறு வழியில்லாமல் போனது.

படி 4: முட்டையா, குட்டியா

இன்று வாழும் திருக்கைகளில் முட்டையிடுவது ஸ்கேட் மட்டுந்தான். மற்ற மூன்று வருணமும் குட்டி போடும். கடைக்காரர் வயிற்றைக் கிழிக்கும்போது உள்ளே மடிந்து சுருண்ட குட்டித் திருக்கைகள் வழுக்கி விழுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஸ்கேட்டின் முட்டை ஒரு தோல் பை. செவ்வக வடிவம், நான்கு மூலையிலும் கொம்பு. ஐரோப்பியக் கடற்கரைகளில் வெறும் பைகள் ஒதுங்கும், அவற்றைக் கடற்கன்னியின் கைப்பை என்பார்கள். வழக்கமாகப் பைக்கு ஒரு குட்டி. வட பசிபிக்கின் பெரிய ஸ்கேட்டின் பையில் பல குட்டிகள் இருக்கும். கலாபகோஸ் அருகே ஆழ்கடலில் ஓர் இனம் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பக்கத்தில் முட்டைகளைக் குவித்து வைத்திருந்ததை 2018இல் அறிவித்தார்கள். குளிர்ந்த ஆழத்தில் முட்டை பொரிக்க வருடக்கணக்காகும், சூடு அதைக் கொஞ்சம் விரைவுபடுத்தும்.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் முட்டையிடுகிறார் என்றால், அது பழைய வழக்கத்தின் மிச்சமா, புதிதாகத் திரும்பிய பழக்கமா? திருக்கைகளின் மூதாதை குட்டி போட்டிருக்க வேண்டும், ஸ்கேட் மீண்டும் முட்டைக்குத் திரும்பியது என்று கருதுகிறவர்கள் உண்டு. மரத்தை வரையும்போது இந்தக் கேள்வியைப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

படி 5: மூக்கை மெல்ல வளையுங்கள்

ராஜிஃபோமிஸுக்குள் சுமார் 300 இனங்கள். திருக்கை வருணங்களில் மிகப் பெரியது இதுவே. மூக்கைத் தாங்கும் கசியிழையம் தடித்து விறைப்பாக இருந்தால் ராஜிடே குடும்பம். மெலிந்து வளைந்து கொடுத்தால் ஆரின்கோபாட்டிடே. இவை இரண்டும் பெரிய குடும்பங்கள். சின்னவை இரண்டு: குள்ள ஸ்கேட்களான குர்ஜெசியெல்லிடே, இடுப்புத் துடுப்பின் முன்மடல் முழுக்கவே காலாகிப்போன அனகாந்தோபாட்டிடே. இதற்கு மேல் குடும்ப எல்லைகளில் நுழைந்தால் வெளியே வர நாளாகும், விட்டுவிடுவோம்.

படி 6: இப்போது மரம்

ஒரு தாளை எடுங்கள். நான்கு பெயர்: ஸ்கேட், மின்திருக்கை, உழுவை, முள்வால் திருக்கை. வெளியே ஓர் ஒப்பீட்டுக்குச் சுறா. யாரை யாரோடு சேர்ப்பீர்கள்?

பெரும்பாலான பிள்ளைகள் உழுவையைச் சுறாவுக்குப் பக்கத்தில் அடிமரத்தில் வைப்பார்கள், ஸ்கேட்டையும் முள்வால் திருக்கையையும் இரட்டைப் பிள்ளைகளாக நுனியில் வைப்பார்கள். இரண்டுமே தட்டை, இரண்டுமே வட்டமோ சாய்சதுரமோ. பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பிழை.

ஏன் என்பதற்கு ஒரு வீட்டுக் கதை. அண்ணன் தம்பி இருவர். அப்பாவைப் போல அண்ணன் வேட்டி கட்டுகிறார், தம்பி காற்சட்டை போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரரும் வேட்டிதான். வேட்டியை வைத்து அண்ணனைப் பக்கத்து வீட்டோடு சேர்க்க முடியுமா? எல்லாரும் முன்பு கட்டியதை அண்ணன் விடவில்லை, அவ்வளவுதான். உழுவையின் சுறா வாலும் அப்படி. பழையதை வைத்திருப்பது நெருங்கிய உறவைக் காட்டாது. கூட்டத்துக்குள் புதிதாகத் தோன்றிப் பகிரப்படும் அடையாளந்தான் உறவைக் காட்டும்.

இந்தத் தவறை விஞ்ஞானிகளும் வேறு விதத்தில் செய்தார்கள். பழைய மீன் நூல்களில் உழுவைகளையும் ஸ்கேட்களையும் ஒரே ராஜிஃபோமிஸில் சேர்த்திருப்பார்கள். 1992இல் ஜப்பானின் ஷிகெரு ஷிராய் உடற்கூற்றை மிக நுணுக்கமாக ஒப்பிட்டு, திருக்கைகள் எல்லாமே சுறாக்களின் ஒரு கிளை, வாள்சுறாவுக்கும் தேவதைச் சுறாவுக்கும் நெருங்கியவை என்றார். அதாவது திருக்கை என்பது தட்டையாகிப்போன ஒரு சுறா. அழகான கருத்து, கொஞ்சக்காலம் பலரும் ஏற்றார்கள். 2003இல் இழைமணியின் (mitochondria) மரபணுத் தொடர்களை ஒப்பிட்டபோது அது நிற்கவில்லை. சுறாக்கள் எல்லாம் ஒரு பக்கம், திருக்கைகள் எல்லாம் இன்னொரு பக்கம். சுறாவிலிருந்து திருக்கை வரவில்லை, இரண்டும் உடன்பிறப்புகள்.

அப்புறம் 2012. நீல் ஆஷ்லிமனும் கூட்டாளிகளும் திருக்கைகளின் மரபணுக்களை விரிவாக ஒப்பிட்டு வரைந்த மரத்தில், முதலில் பிரிந்து தனியாகப் போன கிளை ஸ்கேட். மீதி மூன்றில் மின்திருக்கைகள் அடுத்துப் பிரிகின்றன. உழுவைகளும் முள்வால் திருக்கைகளும் ஒன்றுக்கொன்று நெருக்கம். வேளா மீன் உழுவைகளின் கிளைக்குள்ளேயே இருக்கிறது.

தாளில் இப்படி வரையுங்கள். அடியில் ஒரு கோடு, அதிலிருந்து இடப்பக்கம் சுறா. மேலே போகும் கோட்டிலிருந்து முதலில் ஸ்கேட் பிரிகிறது, பிறகு மின்திருக்கை. மிஞ்சிய கோடு உச்சியில் கவராகிறது: ஒன்றில் உழுவையும் வேளாவும், மற்றதில் முள்வால் திருக்கை.

அப்படியானால் வெள்ளவத்தையில் நான் வாங்கிய "குட்டிச் சுறா", பக்கத்துத் தட்டில் கிடந்த புள்ளித் திருக்கைக்கு (அது முள்வால் வகை) ஸ்கேட்டைவிட நெருங்கிய சொந்தம். ஸ்கேட்டின் வட்ட உடலும் முள்வால் திருக்கையின் வட்ட உடலும் தனித்தனியாக வந்தவை. மார்புத் துடுப்பு தலையைச் சுற்றி முழு வட்டமாகும் வேலை இரண்டு முறையாவது நடந்திருக்கிறது. 2023இல் சின்ன ஸ்கேட்டின் மரபணுத்தொகுதியை முழுதாகப் படித்தவர்கள், புதிய மரபணுக்கள் தோன்றுவதைவிட, உள்ள மரபணுக்களை இயக்கும் முறை மாறியதே அந்த இறகுத் துடுப்புக்கு முக்கிய காரணமென்று காட்டினார்கள்.

காலக்கோடு வேண்டுமென்றால் சுருக்கமாக. முழு உடலோடு கிடைத்த பழைய திருக்கைகள் ஜுராசிக் காலத்தவை, ஜேர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் பதிந்தவை. பார்வைக்கு அவை உழுவை போலத்தான் இருக்கும், ஆனால் உழுவையின் நேரடி மூதாதை என்று எழுத வேண்டாம். வேட்டிக் கதைதான். ஸ்கேட் என்று சொல்லக்கூடிய உயிர்ச்சுவடுகள் லெபனானின் பின்கிரெத்தேசியப் பாறைகளில் கிடைக்கின்றன.

படி 7: இனத்தைப் பெயரிடுங்கள், படம் எடுங்கள்

நம் பக்கத்து ஸ்கேட்கள் ஆழத்தில் வாழ்பவை. இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பலில் மருத்துவராக இருந்த அல்ஃப்ரெட் அல்காக்தான் வட இந்து சமுத்திர ஸ்கேட்கள் சிலவற்றுக்கு முதலில் பெயர் வைத்தார். 1898இல் ஓகமேஜி பவெல்லி, 1899இல் டிப்டூரஸ் யொஹானிஸ்டேவிசி. கொழும்புச் சந்தையில் ஒன்று கண்ணில் பட்டால் அது ஆழ்கடல் வலையில் தவறி வந்ததாக இருக்கும். உடனே படம் எடுங்கள்.

பெயர் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் "சாதாரண ஸ்கேட்" உதாரணம். டிப்டூரஸ் பாட்டிஸ் என்று நெடுங்காலம் ஓர் இனமாக எண்ணியதற்குள் இரண்டு இனம் ஒளிந்திருந்தது. 19ஆம் நூற்றாண்டில் தனித்தனியாக இருந்த பெயர்களை 1926இல் ஒன்றாக்கிவிட்டார்கள். 2010இல் பிரான்சின் துறைமுகங்களில் இறங்கிய மீன்களைப் பார்த்து அவை வேறுவேறு என்று மீண்டும் பிரித்தார்கள். பெரிய இனம் இரண்டு மீட்டருக்கு மேல் வளரும், முதிர்ச்சியடையப் பல வருடமாகும். 84 வருடம் ஒரே பெயரில் எழுதிய கணக்கில், அந்தப் பெரியது குறைந்துகொண்டு போனது யாருக்கும் தனியாகத் தெரியவில்லை.

உழுவை விஷயத்தில் கொழும்புக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். பெரிய உழுவை வகைகளின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்திய சைட்டிஸ் (CITES, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய உடன்படிக்கை) மாநாடு 2019 மே மாதம் இங்கே நடப்பதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பிறகு ஆகஸ்டில் ஜெனீவாவுக்கு மாறியது. முடிவு அங்கே எடுக்கப்பட்டது, மீன் இங்கே "சுறா" என்ற பெயரில் விற்கப்படுகிறது.

படம் எடுக்கும்போது மேல்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, இடுப்புத் துடுப்பு கிட்ட ஒன்று, வால் நுனி ஒன்று. பக்கத்தில் ஓர் அடிமட்டமோ பத்து ரூபாய்க் குத்தியோ வையுங்கள். முதுகின் முட்களைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுங்கள், எதிர்ப்பக்கம் தடவினால் கை கிழியும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள், வாங்குகிற முகத்தோடு போனால் அதிகம் கேள்வி வராது. வெட்டுக்கத்தி வேலையைத் தொடங்குமுன், காலை ஆறு மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும்.

அந்த வறையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு அம்மா வறுத்துவிட்டார். சுறா வறைக்கும் உழுவை வறைக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.